எக்ஸ்-மென்னுக்கு உருவம் தந்தவர்: டேவ் கொக்ரமும் சித்திரக்கதை ஓவியரின் பங்கும்

எக்ஸ்-மென் சித்திரக்கதைத் தொடரின் 66ஆம் இதழ் 1970 மார்ச் திகதியிட்டு வெளியானது. அதன் பின் அத்தொடரில் புதிய கதை எதுவும் வரவில்லை. ஸ்டான் லீயும் ஜக் கேர்பியும் 1963இல் தொடங்கிய தொடர் அது. விற்பனை போதாது என்று கருதிய மார்வெல் நிறுவனம் அதை ஒரேயடியாக மூடிவிடாமல், 67ஆம் இதழ் முதல் 93ஆம் இதழ் வரை பழைய கதைகளையே திரும்ப அச்சிட்டு விற்றது. ஐந்து ஆண்டுகள் தொடரின் பெயர் மட்டும் கடைகளில் தொங்கியது. 1975இல் புதிய அணியோடு தொடர் மறுபடி எழுந்தது. 1980களின் தொடக்கத்தில் மார்வெலின் விற்பனையில் முதலிடத்துக்கே வந்துவிட்டது. அந்த எழுச்சிக்கு உருவம் கொடுத்தவர் டேவ் கொக்ரம் (1943–2006).

தொடரை மீட்டவர் யார் என்று கேட்டால் பெரும்பாலும் முதலில் சொல்லப்படுவது கிறிஸ் கிளயர்மொன்ட் என்ற எழுத்தாளரின் பெயர். 1975 முதல் 1991 வரை அதை இடைவிடாமல் எழுதியவர் அவர் என்பதால் அதில் நியாயம் உண்டு. அடுத்து, புதிய அணியின் முதற்கதையை எழுதிய லென் வீன் வருவார். பின்னர் 1977இன் இறுதியில் ஓவியப் பொறுப்பை ஏற்ற ஜோன் பேர்ன். கொக்ரமின் பெயர் இவர்களுக்குப் பின்னால்தான் நினைக்கப்படுகிறது. சித்திரக்கதை எந்த ஒழுங்கில் உருவாகிறது என்பதைப் பார்த்தால் இந்த வரிசை தவறானது. நாவலில் பாத்திரம் சொல்லில் பிறக்கிறது. சித்திரக்கதையில் பாத்திரம் வாய் திறக்குமுன் நிற்கிறது, நடக்கிறது, உடுத்தியிருக்கிறது. அந்த நிலையையும் நடையையும் உடையையும் தீர்மானிப்பவர் ஓவியர்.

சூப்பர்ஹீரோ தொடர்கள் மீட்கப்பட்ட வரலாற்றில் இது பலமுறை தெரிந்த உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இவ்வகைக் கதைகள் வாசகரை இழந்தன. 1954இல் வந்த தணிக்கை ஒழுங்குமுறை சித்திரக்கதைத் தொழிலையே ஒடுக்கியது. 1956 ஒக்டோபரில் டி.சி. நிறுவனத்தின் ‘ஷோகேஸ்’ இதழில் ஃபிளாஷ் என்ற பழைய வீரர் புதிய உடையில் திரும்பினார். கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த அந்த மெலிந்த சிவப்பு உருவமும், ஓட்டத்தின் வேகத்தைப் பக்கத்தில் கோடுகளாக நீட்டிய முறையும் ஒரு புதிய காலத்தைத் தொடக்கிவைத்தன. லீ ஃபோக் 1936இல் உருவாக்கிய ஃபான்டம், தமிழில் வேதாளர் என்றும் முகமூடி வீரர் மாயாவி என்றும் அறியப்பட்டவர். 1961இல் ஓவியர் வில்சன் மக்கோய் இறந்த பின், சை பாரியின் கைக்கு அந்தத் தொடர் வந்தது. 1994 வரை அவர் அதை வரைந்தார். கதாசிரியர் மாறவில்லை, காடும் மண்டையோட்டு மோதிரமும் மாறவில்லை. ஆனால் தட்டையாகவும் எளிமையாகவும் இருந்த உலகம் ஆழமும் நிழலும் பெற்றது. இன்று இந்திய வாசகரின் நினைவில் நிற்கும் ஃபான்டம் பெரும்பாலும் பாரியின் ஃபான்டமே.

பற்மனின் கதை இன்னும் தெளிவானது. 1966 முதல் 1968 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடர் அவரை வேடிக்கைப் பாத்திரமாக்கிவிட்டிருந்தது. 1970 ஜனவரி திகதியிட்ட ‘டிடெக்டிவ் கொமிக்ஸ்’ 395ஆம் இதழில் டெனி ஓநீல் எழுத, நீல் அடம்ஸ் வரைந்தார். மேலங்கி நீண்டது, காதுகள் கூர்ந்தன, பகல் வெளிச்சம் போய் இரவு வந்தது. எழுத்தில் வந்த மாற்றத்தையும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் வாசகர் முதல் பக்கத்திலேயே வேறொரு பற்மனைக் கண்டுவிட்டார். உரையாடலை வாசிக்கும் முன்பே அது நடந்துவிட்டது. இதே அடம்ஸ் எக்ஸ்-மென் தொடரின் கடைசி இதழ்களிலும் வரைந்தவர். அந்தப் பக்கங்கள் இன்றும் போற்றப்படுகின்றன. இருந்தும் தொடரை அவை காப்பாற்றவில்லை. சிறந்த ஓவியம் மட்டும் போதாது என்பதற்கும் அதே தொடர் சாட்சி. தொடரின் பழைய அணியிலிருந்த ஐவரையே அழகாக வரைவதை விட, புதியவர்களைக் கற்பனை செய்து கொண்டுவர ஒருவர் தேவைப்பட்டார்.

டேவ் கொக்ரம் 1943 நவம்பர் 11இல் ஒரிகன் மாநிலத்தின் பென்டில்டனில் பிறந்தார். தந்தை விமானப்படை அதிகாரி என்பதால் குடும்பம் ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தது. சிறு வயதிலேயே சித்திரக்கதைகளில் மூழ்கி, இதழ்களின் வாசகர் கடிதப் பகுதிகளுக்கு எழுதிக்கொண்டிருந்தார். பின்னர் அமெரிக்கக் கடற்படையில் 6 ஆண்டுகள் பணியாற்றினார். படைச் சேவைக் காலத்திலும் அவர் கைவிடாத பழக்கம் ஒன்று இருந்தது: கதையே இல்லாமல் பாத்திரங்களை வரைந்து சேர்ப்பது. பெயர், உடை, ஆற்றல், சில வேளை ஒரு சிறு முன்வரலாறு. இவற்றால் நிறைந்த அவருடைய வரைகொப்பிகள்தான் பின்னாளில் எக்ஸ்-மென்னின் விதைநெல் ஆயின.

சேவையை விட்டு வெளியேறியபின், சூப்பர்மன் கதைகளுக்கு மை தீட்டிய மேர்ஃபி அன்டர்சனிடம் உதவியாளரானார். 1972இல் ‘லீஜன் ஒஃப் சூப்பர்ஹீரோஸ்’ என்ற தொடர் அவர் கைக்கு வந்தது. முப்பதாம் நூற்றாண்டில் வாழும் இளம் வீரர்களின் கூட்டம் அது. 1958இல் அறிமுகமாகி, பிறகு தனக்கென இதழ் இல்லாமல் சூப்பர்போய் இதழின் பின்பக்கக் கதையாகச் சுருங்கியிருந்தது. கொக்ரம் உடைகளை மாற்றினார். விண்கலங்களை உண்மையாகப் பறக்கக்கூடியவை போல வரைந்தார். எதிர்காலம் என்பது 1950களின் பள்ளி நாடக மேடை போலத் தெரிந்த நிலை மாறி, அங்கே மனிதர் வாழ முடியும் என்று நம்பும்படி ஆயிற்று. வாசகர் திரும்பி வந்தனர். 1973இல் இதழின் தலைப்பிலேயே லீஜனின் பெயர் ஏறியது. எக்ஸ்-மென்னுக்கு முன்பே அவர் ஒரு தொடரை மீட்டுவிட்டார் என்பது பலராலும் மறக்கப்படும் செய்தி.

டி.சி.யை விட்டு அவர் விலகியதற்குக் காரணம் ஒரே ஓர் ஓவியம். 1974இன் 200ஆம் இதழில், லீஜன் உறுப்பினர் இருவரின் திருமணக் காட்சியை இரு பக்கம் பரப்பி வரைந்திருந்தார். அதன் மூலப் படத்தைத் தம்மிடம் திருப்பித் தரும்படி கேட்டார். நிறுவனம் மறுத்தது. வரைந்த தாளும் நிறுவனத்தின் சொத்து என்பதே அன்றைய தொழில்முறை. ஓவியருக்குப் பக்கக் கூலி மட்டுமே. கொக்ரம் மார்வெலுக்குப் போனார். அந்தப் படம் திரும்பக் கிடைத்திருந்தால் எக்ஸ்-மென் எந்த உருவில் வந்திருக்கும், வந்தே இருக்குமா என்று நினைத்துப் பார்க்கத் தோன்றும்.

மார்வெலில் எக்ஸ்-மென்னைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் கலைக் கனவாக மட்டும் பிறக்கவில்லை. வெளிநாட்டுச் சந்தைகளில் விற்பதற்கு, வெவ்வேறு நாட்டவர் சேர்ந்த ஓர் அணி உதவும் என்று நிறுவனத் தலைமை கருதியது. ஆசிரியர் ரோய் தோமஸ் அந்த யோசனையை முன்னெடுத்தார். எழுத்து லென் வீனுக்கும் ஓவியம் கொக்ரமுக்கும் போயின. ‘ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதலாம் இதழ் 1975 மே திகதியிட்டு 50 சத விலையில் வந்தது. உயிருள்ள தீவு ஒன்று பழைய அணியை விழுங்கிக்கொள்ள, அணியை வழிநடத்தும் பேராசிரியர் எக்ஸ் உலகெங்கும் சென்று புதியவர்களைத் திரட்டுகிறார் என்பது கதை. கதை எளிமையானது. உள்ளே வந்து நின்றவர்கள் எளிமையானவர்கள் அல்லர்.

அவர்களில் நைட்குரோலர் தனியே பேசத் தக்கவன். நீல உடல், கூர் காதுகள், மஞ்சள் கண்கள், அம்பு முனை போன்ற வால், கையில் மூன்று விரல்கள், காலில் இரண்டு. கொக்ரம் இவனைக் கடற்படைக் காலத்தில், குவாம் தீவில் ஒரு புயல் இரவில் கற்பனை செய்தார். அப்போது அவன் நரகத்திலிருந்து வந்த உண்மையான பேய். ஏவிய வேலையில் தோற்று, தண்டனைக்கு அஞ்சி மனிதரிடையே தங்கிவிட்டவன். பின்னர் லீஜனோடு தொடர்புடைய ஒரு புதிய அணிக்காக அவனை டி.சி.யில் முன்வைத்தார். பார்வைக்கு மிக விநோதமாக இருக்கிறான் என்று அன்றைய ஆசிரியர் தள்ளிவிட்டார். எக்ஸ்-மென்னில் அவன் கேர்ட் வாக்னர் என்ற ஜேர்மனிய இளைஞனாகி, கதையின் முதற் பக்கங்களிலேயே ஊர் மக்களால் தீப்பந்தங்களோடு துரத்தப்படுகிறான். பேயின் உருவமும் கனிந்த, குறும்பான மனமும் ஒரே உடலில் சேர்ந்தபோது அத்தொடரின் மையப் பொருளே ஒரு படமாகிவிட்டது. பிறப்பால் வேறுபட்டவரை உலகம் எப்படிப் பார்க்கிறது என்பதை 1963இன் எக்ஸ்-மென்னும் பேசியது. ஆனால் அந்த ஐவரில் பலர் உடையைக் களைந்தால் எந்தக் கூட்டத்திலும் கலந்துவிடக்கூடிய வெள்ளை அமெரிக்க இளைஞர்கள். நைட்குரோலரால் கலக்க முடியாது. நிழலில் அவன் ஏறக்குறைய மறைந்து, கண்கள் மட்டும் ஒளிரும்படி கொக்ரம் மையை அடர்த்தியாக இட்டார். மறைவதும் தெரிவதும் அவன் வாழ்க்கையின் சிக்கல் என்பது அந்த மையிலேயே இருக்கிறது.

ஸ்டோர்ம் வேறு வழியில் உருவானவள். பூனையாக மாறும் ஆற்றலுள்ள கறுப்பினப் பெண் ஒருத்தியைக் கொக்ரம் முதலில் வைத்திருந்தார். அதற்குள் பிற இதழ்களில் பூனைப் பெண்கள் பெருகிவிட்டனர். எனவே அவளுடைய உருவத்தைக் காற்றையும் மழையையும் ஆளும் வேறொரு பாத்திரத்தோடு இணைத்தார். வெண்கூந்தல், நீலக் கண்கள், மணிக்கட்டோடு பிணைந்த மேலங்கி. காற்று வீசும்போது அந்த அங்கி சிறகாகிறது. ஆற்றலைச் சொல்ல வசனம் வேண்டியதில்லை. கொலோசஸ் சைபீரியக் கூட்டுப்பண்ணை ஒன்றின் இளைஞன், உடல் உருக்காக மாறுபவன். அவனுடைய உடை தோள்களையும் தொடைகளையும் மறைக்காமல் விட்டதற்குக் காரணம் உண்டு: உலோகம் தெரிய வேண்டும்.

புதிய அணியில் சேர்ந்த வுல்வரின் கொக்ரமின் படைப்பு அல்லன். 1974இல் ஹல்க் இதழுக்காக லென் வீனும் ரோய் தோமஸும் ஜோன் ரொமிற்றாவும் சேர்ந்து உருவாக்கியவன். முகமூடிக்குப் பின்னால் இருக்கும் முகத்தை முதலில் வரைந்தவர் கொக்ரம். 1976இன் 98ஆம் இதழில் அது வந்தது. இரு பக்கமும் கொம்பு போல் எழும்பும் அந்த முடி, பின்னர் திரைப்படத்தில் ஹியூ ஜக்மன் தலையிலும் ஏறியது. முகமூடியின் பெரிய காதுகளுக்கும் ஒரு கதை உண்டு. முதலாம் இதழின் அட்டையை வரைந்த கில் கேன் அவற்றைத் தவறாகப் பெரிதாக்கிவிட்டார். மை தீட்டிய கொக்ரமுக்கு அந்தத் தவறு பிடித்துப்போய் உள் பக்கங்களிலும் அதையே பின்பற்றினார். பழைய அணி அச்சிட்ட தாள் கிழிந்து புதியவர்கள் வெளியே பாயும் அந்த அட்டை, அமெரிக்கச் சித்திரக்கதையில் மிக அதிகம் போலி செய்யப்பட்ட அட்டைகளில் ஒன்று.

94ஆம் இதழிலிருந்து கிளயர்மொன்ட் வசனம் எழுதத் தொடங்கினார். மார்வெலில் அன்று வழங்கிய முறைப்படி எழுத்தாளர் கதைச் சுருக்கத்தை மட்டும் கொடுப்பார். அதைப் பக்கங்களாகவும் கட்டங்களாகவும் பிரித்து, யார் எங்கே நிற்பது, எந்தக் கணத்தைப் பெரிதாக்குவது என்று முடிவெடுத்து வரைபவர் ஓவியர். வசனம் அதற்குப் பின்னரே படத்தின் மேல் எழுதப்படும். ஆகவே ஓவியரைக் கதையின் இணையாசிரியர் என்று சொல்வதே பொருந்தும். விண்வெளிக் கொள்ளையர் கூட்டமான ஸ்டார்ஜம்மர்ஸ் கொக்ரம் தனி இதழாக நடத்த எண்ணி வைத்திருந்தது. அதை எக்ஸ்-மென்னுக்குள் கொண்டுவந்தார். அந்நியப் பேரரசின் காவல் படையை லீஜன் உறுப்பினர்களை நினைவூட்டும்படியே வரைந்தார். தம்மிடமிருந்து விலகிப்போன தொடரை அவர் வேறு பெயரில் ஒருமுறை வரைந்து பார்த்துக்கொண்டார் என்றே சொல்லலாம்.

அச்சுத் தொழில் ஓவியனின் கற்பனையை எப்படி வளைக்கும் என்பதற்கு பீனிக்ஸ் நல்ல உதாரணம். 1976இன் 101ஆம் இதழில், பழைய ஐவரில் ஒருத்தியான ஜீன் கிரே கடலிலிருந்து புதிய ஆற்றலோடு பீனிக்ஸாக எழுகிறாள். அவளுக்கு வெள்ளையும் பொன்னும் சேர்ந்த உடையைக் கொக்ரம் திட்டமிட்டிருந்தார். அக்காலச் சித்திரக்கதைகள் மலிவான பத்திரிகைத் தாளில் அச்சாயின. வெள்ளை இடத்தில் மறுபக்கத்து மை தெரிந்துவிடும். ஆகவே உடை பச்சையாயிற்று. இன்று உலகம் அறிந்த பச்சைப் பீனிக்ஸ் தாளின் மெலிவால் வந்தது.

கொக்ரம் நுணுக்கமாக வரைபவர், ஆகவே மெதுவாக வரைபவர். தொடர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறையே வந்தது. 107ஆம் இதழோடு 1977இல் அவர் விலக, 108ஆம் இதழிலிருந்து ஜோன் பேர்ன் வரைந்தார். பின்னர் அது மாத இதழாயிற்று. 1980இல் கிளயர்மொன்ட்டும் பேர்னும் நடத்திய பீனிக்ஸின் வீழ்ச்சிக் கதையே தொடரின் உச்சம் என்பது பொதுவான கருத்து. ஓவியத்தின் ஓட்டத்திலும் காட்சிகளின் வேகத்திலும் பேர்ன் கொக்ரமை விஞ்சினார் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் பேர்ன் வரைந்த மனிதர்களில் பெரும்பாலோர் கொக்ரமின் கொப்பியிலிருந்து வந்தவர்கள். வீட்டைப் பெரிதாக்கியவரும் அத்திவாரம் இட்டவரும் ஒருவரல்லர். பேர்ன் போன பின் 1981 மே திகதியிட்ட 145ஆம் இதழோடு திரும்பிய கொக்ரம், 1982 இறுதிவரை மறுபடி வரைந்தார். 1983இல் ‘ஃபியூச்சூரியன்ஸ்’ என்ற தமது சொந்தப் படைப்பைத் தனி நூலாக வெளியிட்டார். 1985இல் தொடங்கிய நான்கு இதழ் நைட்குரோலர் தொடருக்கு எழுத்தும் ஓவியமும் அவருடையவையே. அதில் துள்ளும் மகிழ்ச்சி, அந்தப் பாத்திரத்தை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதைக் காட்டுகிறது.

புதிய அணியின் குறைகளையும் மறைக்கத் தேவையில்லை. பன்னாட்டு அணி என்ற எண்ணம் சந்தைக் கணக்கில் பிறந்ததன் தழும்பு அதில் உண்டு. ஆப்பிரிக்கப் பெண் கிராமத்தாரால் தெய்வமாக வணங்கப்படுகிறாள். ரஷ்யன் பண்ணை உழவன். யப்பானிய சன்ஃபயர் கர்வம் பிடித்தவன், அடுத்த இதழிலேயே விலகிப் போகிறான். அப்பாச்சி இனத்தவனான தண்டர்பேர்ட் 95ஆம் இதழில் இறக்கிறான். அவன் குணமும் ஆற்றலும் மற்றவரோடு ஒத்துப்போனதால் மிகையானான் என்பது படைப்பாளர்கள் தந்த விளக்கம். அமெரிக்க மண்ணின் பூர்வகுடியே முதலில் பலியானான் என்பது விமர்சகர் பலமுறை சுட்டிய உண்மை. இருந்தும், கறுப்பினப் பெண் ஒருத்தி பின்னர் அணித் தலைவியாவதற்கும், வெளியார் என்ற உணர்வோடு வாழும் வாசகர் உலகெங்கும் அத்தொடரைத் தமதாக்கிக்கொள்வதற்கும் இந்த அணியே வழிவிட்டது.

பொருளாதார வரவு இந்தக் கதையின் கசப்பான பகுதி. ஸ்டோர்மும் நைட்குரோலரும் கொலோசஸும் கூலிப் படைப்பு என்ற ஒப்பந்த முறையின் கீழ் மார்வெலின் சொத்தாயினர். 2000இல் வந்த முதல் எக்ஸ்-மென் திரைப்படம் உலகெங்கும் 29 கோடி டொலருக்கு மேல் வசூலித்தது. 2003இன் இரண்டாம் படம் நைட்குரோலர் வெள்ளை மாளிகைக்குள் புகும் காட்சியோடு தொடங்குகிறது. 2004இல் கொக்ரம் நீரிழிவாலும் நுரையீரல் அழற்சியாலும் பாதிக்கப்பட்டு, நியூயோர்க் பிரொங்ஸில் முன்னாள் படையினர் மருத்துவமனையில் கிடந்தார். எழுத்தாளர் கிளிஃபர்ட் மெத் சக ஓவியர்களிடம் படங்கள் திரட்டி ஏலமும் அஞ்சலி நூலும் ஏற்பாடு செய்தார். அவரும் நீல் அடம்ஸும் மார்வெலோடு பேசி, தொகை வெளியிடப்படாத ஓர் உடன்பாட்டைப் பெற்றுக்கொடுத்தனர். கொக்ரம் 2006 நவம்பர் 26இல் தென் கரோலினாவின் பெல்டனில், தமது வீட்டில் காலமானார். மார்வெலில் பணியாற்றிய ஓவியரான மனைவி பாட்டி கடைசிவரை உடனிருந்தார்.

நீல் அடம்ஸின் பெயர் இங்கே வருவது தற்செயல் அல்ல. 1975இல், புதிய எக்ஸ்-மென் வெளிவந்த அதே ஆண்டில், சூப்பர்மனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் வறுமையில் இருப்பதை உலகறியச் செய்து, இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டொலர் ஓய்வூதியமும் படைப்பாளர் என்ற பெயர்க் குறிப்பும் கிடைக்கப் போராடியவர்களில் அவர் முன்னின்றவர். மூலப் படங்களை ஓவியரிடம் திருப்பிக் கொடுக்கும் வழக்கமும் 1970களில்தான் மெல்ல வந்தது. கொக்ரம் அதற்குச் சற்று முன்னதாகக் கேட்டுவிட்டார்.

ஜெரி சீகலைத் தமிழ் வாசகர் அறியாமலே அறிவர். 1984 ஜூலையில் சிவகாசியில் எஸ். விஜயன் தொடங்கிய லயன் காமிக்ஸின் ஆரம்ப இதழ்களில் கோலோச்சிய ஸ்பைடர், 1965இல் பிரித்தானிய வார இதழான ‘லயன்’ வெளியிட்ட குற்றவாளி நாயகன். 1966 முதல் அவன் கதைகளை எழுதியவர் சீகல். வரைந்தவர் ரெக் பன். அதற்கும் முன்பு, 1972இல், விஜயனின் தந்தை எம். சௌந்திரபாண்டியனின் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக இரும்புக்கை மாயாவியை வெளியிட்டது. மூலத்தில் அவன் லூயிஸ் கிரண்டெல். 1962 ஒக்டோபர் 6இல் ‘வலியன்ட்’ இதழில் பிறந்தவன். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, உருக்குக் கை மட்டும் தெரியும். கதைகளை கென் பல்மரும் பின்னர் டொம் டல்லியும் எழுதினர். பார்சிலோனாவைச் சேர்ந்த ஹெசூஸ் பிளாஸ்கோ (1919–1995) வரைந்தார்.

ஒரு தொடரின் உயிர் எழுத்தா ஓவியமா என்று கொக்ரமை வைத்து எழும் கேள்விக்கு மாயாவியைப் போல் தெளிவான சான்று வேறில்லை. சிவகாசிக்கு வந்த கதையில் ஒவ்வொரு சொல்லும் மாறியது. நாயகனின் பெயர் பின்னுக்குப் போய் மாயாவி என்ற தமிழ்ப் பெயர் நிலைத்தது. பெரிய பக்கத்தில் வாரா வாரம் வந்த கட்டங்கள் சிறிய புத்தகத்துக்கு ஏற்பச் சுருக்கி அடுக்கப்பட்டன. மாறாமல் கடல் கடந்தது பிளாஸ்கோவின் கோடு ஒன்றே: புகைப்படம் போல் துல்லியமான நிழல்கள், வெற்று அறையில் மிதக்கும் ஒரு கை. தமிழ்ச் சிறுவர் அஞ்சியதும் மயங்கியதும் அந்தக் கையைக் கண்டு. எழுத்தே ஒரு தொடரின் உயிர் என்றால் இப்படி ஒரு பாத்திரம் இன்னொரு மொழியில் அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்க முடியாது. பிளாஸ்கோவின் பெயரைத் தமிழ் வாசகர் அறியாததற்குச் சிவகாசியை மட்டும் குறைகூற முடியாது. பிரித்தானிய வார இதழ்களே ஓவியர் பெயரை அச்சிடுவதில்லை. 1977இல் தொடங்கிய ‘2000 ஏ.டி.’ இதழ்தான் அந்த வழக்கத்தை உடைத்தது.

இலங்கைத் தமிழருக்கு இவ்வகை இதழ்கள் எப்போதும் தடையின்றிக் கிடைத்தவை அல்ல. 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தமிழக வெளியீடுகளின் வரவைக் குறைத்தன. 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாளேடுகளே பள்ளிக் கொப்பித் தாளில் அச்சாகும் நிலை வந்தது. அங்குள்ள சண்டிலிப்பாயும் அயல் ஊர்களும் 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்தோடு சேர்ந்து இடம்பெயர்ந்தபோது, வீடுகளில் பூட்டிவிட்டு வந்தவற்றில் புத்தக அலுமாரிகளும் அடங்கும். அங்கிருந்து கனடாவுக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் எக்ஸ்-மென்னைச் சந்தித்தது பெரும்பாலும் திரையில்தான். 1992இல் தொடங்கிய கார்ட்டூன் தொடருக்கான குரல்கள் பதிவானது ரொறொன்ரோவில். 2000ஆம் ஆண்டுத் திரைப்படம் படமானதும் ரொறொன்ரோவிலும் ஹமில்டனிலும். பிறந்த காரணத்தாலேயே விரட்டப்படும் மனிதர்களின் கதை, ஈழத்தமிழர் மிக அதிகமாகக் குடியேறிய நகரிலேயே உருவாகிக்கொண்டிருந்தது.

ஈழத்தில் சூப்பர்ஹீரோ தொடர் எதுவும் நிலைபெறவில்லை. கேலிச்சித்திரமும் அங்கதக் கீற்றும் நிலைபெற்றன. சவாரித் தம்பரையும் மெயில் வாகனத்தாரையும் வரைந்த சுந்தர் என்ற சி. சிவஞானசுந்தரம் (1924–1996), 1960களில் ‘சிரித்திரன்’ இதழைத் தாமே தொடங்கி ஆசிரியராகவும் ஓவியராகவும் நடத்தினார். பாத்திரம், தாள், இதழ் மூன்றும் ஒரே கையில் இருந்தன. வருமானம் பெரிதல்ல, இடர்கள் பல. ஆனால் படைத்தவர் யார் என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை. மக்கள் அவரைச் சிரித்திரன் சுந்தர் என்றே அழைத்தனர். கொக்ரமுக்கு வாசகர் பல இலட்சம் இருந்தும் வாய்க்காத உரிமை அது. சிரித்திரன் இதழ்கள் பல இன்று நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் எவரும் திறந்து பார்க்கும் நிலையில் உள்ளன.

பிரித்தானியச் சித்திரக்கதைகளின் உரிமையை வாங்கிய ரெபெல்லியன் நிறுவனம் 2021இல் இரும்புக்கை மாயாவியின் மூலக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. அத்தொகுப்பில் கென் பல்மரின் பெயரோடு ஹெசூஸ் பிளாஸ்கோவின் பெயரும் அச்சாகியிருக்கிறது.